இரண்டு ஆள் ஏணி

அந்தக் குடியிருப்பு உருவான கதையில் வீரம் எதுவும் கிடையாது. கால்வாய் வெட்ட ஆட்களை லாரியில் ஏற்றி வந்தார்கள். வேலை முடிந்தது. திருப்பி அழைத்துப் போக லாரி வரவில்லை. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்தவர்கள், காத்திருந்த இடத்திலேயே அடுப்பு மூட்டி, சுவர் எழுப்பி, பிள்ளை பெற்று, சண்டையும் போட ஆரம்பித்துவிட்டார்கள். சண்டை வந்துவிட்டால் அப்புறம் அது ஊர்தான்.

ஏணியும் அதே அவசரத்தில் வந்ததுதான். எல்லாருக்கும் பொதுவாக இரண்டு மாடியில் ஒரு கூடம் கட்டுவதாகத் திட்டம் போட்டார்கள். தச்சர் முந்திக்கொண்டு இரண்டு மாடிக்கும் சேர்த்து ஏணி செய்துவிட்டார். சிமெண்டு தரைத்தளத்தோடு தீர்ந்துபோனது. கூடம் குட்டையாக நின்றுவிட்டது, ஏணி மட்டும் நெட்டையாக மிஞ்சியது. பாதியாக வெட்டலாம் என்று ஒருவர் சொன்னார். எந்தப் பாதி யாருக்கு என்று இன்னொருவர் கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். வைப்பதற்கென்று தனியிடம் கிடையாது. கடைசியாக யார் ஏறினார்களோ அவர்கள் வீட்டில் கிடக்கும். தேவைப்பட்டவர் அந்த வீட்டு வாசலுக்கு நேரில் போய், வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஏறாமல் சும்மா வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. அதனால் அங்கே யாரும் யாரோடும் ரொம்ப நாள் பேசாமல் இருக்க முடியாது. ஓடு உடைந்தால் போய்த்தானே ஆக வேண்டும்.

தையல்காரி மட்டும் மூன்று வருடமாகத் தன் அண்ணனோடு பேசாமலேயே சமாளித்து வந்தாள். அண்ணன் பம்பு மெக்கானிக். அவர் மகன் கல்யாணத்துக்கு அவள்தான் அவருக்குச் சட்டை தைத்தாள். சாப்பாட்டுப் பந்தியில், அத்தனை பேர் முன்னால், அவர் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார்.

"ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. எல்லாம் என் தங்கச்சி கைவேலை!"

"சட்டையில கோளாறு இல்ல. உன் கையிலதான் கோளாறு," என்றாள் அவள்.

சின்ன வயதில் முறிந்து, கோணலாகக் கூடி, கொஞ்சம் குட்டையாகிப்போன இடது கை அது. அன்றுவரை வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. பந்தி முழுக்கச் சிரித்தது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதனாலேயே யாராலும் சமாதானம் செய்து வைக்க முடியவில்லை.

இப்போது அவள் தையல் அறையில் வெட்டு மேசைக்கு நேர் மேலே ஒரு ஓடு சரிந்து, வானம் ஒரு கையகலத்துக்குத் தெரிந்தது. அந்த வானமும் கறுத்து வந்தது. மேசை, கட்டில், நாற்காலி எல்லாவற்றிலும் பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்தன. திங்கள்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் மொத்தப் பேரின் சட்டையும் அங்கேதான். நனைந்து சாயம் ஒட்டினால் அடுத்த வருடம் அவளிடம் ஒருவரும் வரமாட்டார்கள். வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போயிருந்தார். ஏணி எங்கே என்று விசாரித்தாள். அண்ணன் வீட்டில், கொட்டகைத் தகரம் மாற்ற வாங்கியது.

அவள் நேராக சலூனுக்குப் போனாள்.

"தம்பி, உன் கடை போர்டு சாஞ்சு கிடக்கு, பாத்தியா?"

"நல்லாத்தானேக்கா இருக்கு?"

"சாஞ்சிருக்குன்றேன்ல. ஏணி வாங்கிட்டு வந்து நிமித்து. அப்புறம் நான் உங்கிட்ட கேட்டு வாங்கிக்கறேன்."

சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்தினார். கழுத்தில் துண்டோடு நாற்காலியில் இருந்த தபால்காரர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"அண்ணன்கிட்ட நேரா கேட்டா நாக்கு தேஞ்சிடுமாக்கா?"

"தேயும். நீ கிளம்பு."

தூக்க இரண்டாவது ஆள் வேண்டுமே. தபால்காரர் பாதி வெட்டிய தலையோடு எழுந்து போனார். ஏணி வந்தது. சலூன்காரர் ஏறி, நேராக இருந்த போர்டை நிமிர்த்தினார். அதன் பிறகுதான் அது உண்மையிலேயே சாய்ந்தது.

தையல்காரி கைவேலையை முடித்துவிட்டு வருவதற்குள் ஏணி அங்கே இல்லை.

"மளிகைக்கடைக்காரர் வந்து கேட்டாருக்கா. ஆன்டெனா சரி பண்ணணுமாம். கேட்டா குடுக்கணும்ல?"

தெருவில் ஏணி போவதைப் பார்த்ததும் எல்லாருக்கும் அவரவர் கூரை ஞாபகம் வந்துவிட்டது. மளிகைக்கடைக்குப் போனால், ஏணி டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தது. டீச்சர் வீட்டுக்கு ஓடினால், அவர் மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்து முடித்து, பால்காரம்மாவுக்குக் கொடுத்திருந்தார். பால்காரம்மா வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது தையல்காரிக்கு மூச்சு வாங்கியது.

"அடடா, இப்பத்தான் உங்க அண்ணன் வந்து கேட்டு வாங்கிட்டுப் போனாரு."

"அவருக்கு எதுக்கு? தளம் போட்ட வீடு, மாடிப்படி இருக்கு!"

"நானும் அதையேதான் கேட்டேன். 'ஏணி ஏறி ரொம்ப நாளாச்சு'ன்னாரு." பால்காரம்மா சிரிப்பை முந்தானையால் மறைத்தாள்.

முதல் துளி தையல்காரியின் மூக்கில் விழுந்தது. தெருவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று நடந்தாள்.

அண்ணன் வீட்டு முன்னால் தகரக் கொட்டகை. கழற்றிப் போட்ட மோட்டார்கள், செம்புக் கம்பிச் சுருள்கள், கிரீஸ் டப்பா. மாடிப்படிக்குப் பக்கத்திலேயே ஏணி சாய்ந்து நின்றது. அதைவிடக் கேனத்தனமான காட்சியை அவள் பார்த்ததில்லை. உள்ளே அண்ணி, பேச்சு காதில் விழட்டும் என்று குழாயை மூடினாள்.

"ஏணி வேணும்."

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "யார்கிட்ட கேக்கற?"

"இங்க வேற யாரு இருக்கா? மோட்டார்கிட்டயா கேக்கறேன்?"

"அண்ணன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. எங்க போச்சுன்னு தெரியல."

"ஏங்க, மழை வந்துடுச்சு," என்று உள்ளிருந்து அண்ணியின் குரல். "விசாரணையை அப்புறம் வச்சுக்கலாம்."

தையல்காரி கறுத்த வானத்தை ஒரு தடவை பார்த்தாள். நாக்கு தேயவில்லை.

"ஏணி வேணும்ணே."

"ம். எந்தப் பக்கம் ஒழுகுது?"

அவர் முன்முனையைப் பிடித்தார், அவள் பின்முனையை. தெருவில் பொதுக்கூடத்து மூலையில் திரும்பும்போது ஏணி சுவரை இடித்தது.

"இடது பக்கம் திருப்புடி!"

"உன் இடதா, என் இடதா?"

"ரெண்டு பேரும் ஒரே திக்கைத்தான் பாத்துட்டுப் போறோம். நமக்கு ஒரே இடதுதான்!"

சலூன் வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பாதித் தலை தபால்காரர்தான் பலமாகத் தட்டினார்.

அவள் வீட்டுச் சுவரில் சாய்த்ததும் அண்ணன்தான் முதலில் ஏறினார். வலது கையால் ஏணியைப் பற்றிக்கொண்டு இடது கையை நீட்டினார். கூரையில் உள்ளே தள்ளியிருந்த அந்த ஓட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கை நின்றுவிட்டது. கையை மாற்றிப் பார்த்தார். இடது கைப்பிடி வலுவாக இல்லை. இறங்கி வந்தார்.

"எட்டல," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சொல்வதற்கு அவளிடம் நல்ல நல்ல வார்த்தைகள் இருந்தன. மூன்று வருடமாகச் சேர்த்து வைத்தவை. எதையும் எடுக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். அவர் ஏணியின் அடியில் காலை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் மேல தள்ளு. மேலன்னா மேல, பக்கத்துல இல்ல."

"வாயை மூடிட்டுப் பிடி."

ஓடு பொருந்தியது. மழை அதற்காகவே காத்திருந்ததுபோல் கொட்டியது.

உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அண்ணன் ஒரு சீருடையைத் தூக்கிப் பிடித்து, அதன் இரண்டு கையையும் சேர்த்து வைத்து அளந்து பார்த்தார்.

"கிரீஸ் கையை எடு!" என்று சாக்பீஸை அவர்மேல் எறிந்தாள். பிறகு, "அந்தக் கல்யாணச் சட்டையைக் கொண்டா. இடது கையைக் குறைச்சுத் தரேன்."

"அது இல்ல. மோட்டார் துடைச்சு துடைச்சுக் கந்தலாயிடுச்சு."

"நான் தச்ச சட்டையிலயா மோட்டார் துடைச்ச?"

"நல்ல துணி. எண்ணெயை நல்லா இழுக்குது."

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை. வாயிலிருந்த டீ சிந்தியது, சீருடை தப்பியது.

கடைசியாக ஏறியது அவள். ஆகவே ஏணி அவள் வீட்டிலேயே கிடந்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. சலூன்காரர் தன் போர்டை உண்மையிலேயே நிமிர்த்த ஏணி கேட்டு வருவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வாசலில் வந்து நின்றது அண்ணன்.

"ஏணி வேணும்."

"எதுக்கு?"

"மாடிக்குப் போகணும்."

"உன் வீட்டுலதான் படி இருக்கே!"

"இருக்கட்டும். அந்த முனையைப் பிடி."

அவள் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனாள். பிறகு, அண்ணனின் இடது கையைப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று கழுத்திலேயே போட்டுக்கொண்டு, பின்முனையைத் தூக்கினாள்.