ஓடு எண்ணும் தெளிவு

குடியிருப்பின் நீச்சல் குளத்தில் தண்ணீர் அவ்வளவு தெளிவு; அடியில் பதித்த நீல ஓடுகளை எண்ணிவிடலாம். குளத்தைப் பராமரிக்கும் அவனுக்கு அதில் ஏகப் பெருமை. கண் எரிகிறது என்று குடியிருப்போர் முணுமுணுத்ததால் குளோரினைக் குறைத்தான். பிறகு நிறுத்தியே விட்டான். பதிவேட்டில் மட்டும் நாள் தவறாமல் குளோரின் அளவு ‘2’ என்று எழுதினான். வடிகட்டி ஓடியதால் தண்ணீர் கலங்கவில்லை; ஒரு மாதமாகப் புகாரே இல்லை.

மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி, “உங்க குளத்துத் தண்ணிய ஒரு தடவை பார்க்கணும்” என்றபோது, பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல் ஒரு பாட்டில் பிடித்துக் கொடுத்தான்.

மறுநாள் மதியம் போன் செய்தாள். “உடனே இங்க வாங்க. ஒண்ணு காட்டணும்.”

நுண்ணோக்கியில் கண் வைத்தான். கூழ்போல ஏதோ ஒன்று பக்கவாட்டில் ஒரு நீட்சியை நீட்டியது. முழு உடம்பும் அதற்குள் வழிந்து போனது.

“அட, காலே இல்லாம நடக்குதே! யாரு இவரு?”

“அமீபா.”

“முழுங்கினா என்ன ஆகும்?”

“நான் பயப்படுற நோய் முழுங்கினா வராது. இதுல ஒரு வகை, தண்ணியோட மூக்குல ஏறினா மூளைக்கே போயிடும். அபூர்வம்தான். ஆனா வந்தா பிழைக்கிறவங்க ரொம்பக் கம்மி. வெதுவெதுன்னு தேங்கின குட்டையில குதிச்ச ஒருத்தருக்கு, போன வாரம் முதுகுத் தண்டு நீர்ல அதைப் பார்த்தோம். அதான் உங்க தண்ணியக் கேட்டேன்.”

“இது அந்த வகையா?”

“தெரியலைங்க. அதுக்கு வேற பரிசோதனை இருக்கு. என் சந்தேகம் வேற. குளோரின் ரெண்டு இருக்கிற தண்ணியில இது எப்படி இவ்வளவு சொகுசா உலாத்துது?”

அவன் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தான். சுவர்க் கடிகாரம் நாலு காட்டியது. ஐந்து மணிக்குக் குழந்தைகளுக்கு நீச்சல் வகுப்பு. அவன் மகளுக்கு அதுதான் முதல் நாள். காலையிலிருந்தே நீச்சல் தொப்பியைக் கழற்றாமல் திரிந்துகொண்டிருந்தாள்.

ஓடினான். குளத்துக் கதவைப் பூட்டியதும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பாய்ந்தார். “பளிங்கு மாதிரி இருக்கு, ஏன்யா பூட்டுற?”

அவன் பதிவேட்டைத் திறந்தான். அந்த மாதத்து ‘2’ அத்தனையையும், வகுப்புக்கு வந்து நின்ற எல்லோர் எதிரிலும் அடித்தான்.

“குளோரினும் போடலை, ஒரு நாள்கூட அளக்கவும் இல்லை சார். வேலை போனாலும் போகட்டும். கண்ணுக்குத் தெளிவா இருந்தா சுத்தம்னு நெனச்சுட்டேன். மருந்து போடாத, தினமும் அளந்து பார்க்காத வெதுவெதுப்பான தண்ணியில எந்தப் பிள்ளையும் தலைய முக்கக் கூடாது. இதுல என் பொண்ணை இறக்க மாட்டேன். உங்க பொண்ணை மட்டும் எப்படி இறக்குவேன்?”

தொப்பியோடு நின்ற மகள் அவன் சட்டையை இழுத்தாள்.

“அப்பா, அளக்கும்போது என்னையும் கூப்பிடுங்க. நம்பரை நான் பார்த்து எழுதுறேன்.”