குட்டி தப்பிச்சிருச்சு

கட்டிலைத் திருப்பிப் போட்டால்தான் அப்பாவுக்கு டிவி தெரியும். தலைமாட்டைத் தங்கப்பொண்ணு பிடித்துக்கொண்டாள். கால்மாட்டைப் பக்கத்து வீட்டு லலிதாம்பாள் பிடித்துக்கொண்டார். கட்டிலின் மேல் கண்ணைத் திறந்தபடி சோணை கிடந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் கழுத்து வலப்பக்கம் மட்டும்தான் திரும்பியது. டிவியோ இடப்பக்கத்து மேஜையில் இருந்தது. டிவியை நகர்த்தலாம் என்றால் கேபிள் வயர் எட்டவில்லை.

"தூக்காதடி, இழு. தரையில கோடு விழுந்தா விழட்டும்" என்றார் லலிதாம்பாள்.

கட்டில் கிரீச்சென்று நகர்ந்தது. அடுப்படியிலிருந்து அம்மா ராக்கம்மாளின் குரல் வந்தது.

"என்னாடி சத்தம்?"

"அப்பா டிவி பாக்கட்டும்னு கட்டிலத் திருப்புறோம்மா."

"நல்லாப் பாக்கட்டும். காலையில இருந்து கண்ணு அங்கிட்டேதான் போய்க்கிட்டிருந்துச்சு. இந்தா, கஞ்சி ஆத்திக்கிட்டு வாரேன்."

லலிதாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கப்பொண்ணை வாசல் பக்கம் இழுத்துப் போனார். அவர் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். இந்த வீட்டுக்குள் வந்துவிட்டால் அவரும் திருநகர்க்காரிதான். ராத்திரி எட்டு மணியானால் சோற்றுத் தட்டோடு வந்து இந்த டிவிக்கு முன்னால் உட்காருவது வெகுகாலப் பழக்கம்.

"அம்மாட்ட சொல்லிட்டியா?"

தங்கப்பொண்ணு தலையாட்டினாள், இல்லை என்று.

"எப்பத்தான் சொல்லப் போற? மூச்சு எப்படி இழுக்குது பாத்தியா? மலையம்மாக்கா கல்லுப்பட்டியில இருந்து வந்து சேரணும். கூடப்பொறந்தவ கையால நாலு சொட்டுப் பாலு உள்ள போகணும்டி. அந்தக் குறையோட அனுப்பிச்சுட்டா நாளைக்கு உங்கம்மாதான் எல்லார்ட்டயும் பேச்சு வாங்கும்."

"சொல்றேன் லலிதாம்மா. கஞ்சி குடுத்து முடியட்டும்."

"கஞ்சி எங்க உள்ள போகுது?" என்று முணுமுணுத்துக்கொண்டே லலிதாம்பாள் தன் வீட்டுக்குப் போனார்.

சொல்ல வேண்டியதை நேற்றே ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் சின்னப் பையன். தங்கப்பொண்ணு சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் என்று தெரிந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை, நாளையோ நாளை மறுநாளோதான், வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். அருகில் வயர்கூடையோடு நின்ற அம்மா மகளின் முழங்கையைத் தொட்டு, "என்னாடி சொல்றாரு?" என்றார்.

தங்கப்பொண்ணு மேலே தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தாள்.

"அபாயக் கட்டத்தத் தாண்டிட்டாராம்மா. இனிமே இங்க வச்சிருக்கத் தேவையில்லையாம். வீட்டுக்குப் போயி நம்ம கைச்சாப்பாடு சாப்பிட்டா ஒவ்வொன்னாச் சரியாயிருமாம்."

அம்மா "அப்படியா" என்றார். ஃபிளாஸ்க்கையும் தட்டையும் கூடைக்குள் எடுத்து வைத்தார். அவ்வளவுதான். இத்தனை வழவழப்பாகப் பொய் எங்கிருந்து வந்தது என்று வேனில் வரும்போது தங்கப்பொண்ணுக்கே திகைப்பாக இருந்தது. எங்கிருந்து வரும்? அவள் அப்பா சம்பாதித்து வைத்த சொத்தே அதுதானே.

சோணை கப்பலூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டியவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் லீவு, ஓவர்டைம், பவர்கட் என்பதோடு முடிந்துபோகும். இந்த வீட்டுக்கு டிஸ்கவரி சானலை மொழிபெயர்த்துச் சொன்னவர் அவர்தான்.

அவள் தம்பி காளை மூளைக்காய்ச்சலில் போனபோது தங்கப்பொண்ணு எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவன் பள்ளிக்கூடத்தில்கூடச் சேரவில்லை. அதற்குப் பிறகு அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தார், படுத்தபடியே கிடந்தார். சோறு பொங்குவதும் மகளுக்குச் சடை பின்னுவதும் அப்பாவின் வேலையாயிற்று. சடை கோணலாகத்தான் வரும். எப்படியாவது இவளை எழுப்ப வேண்டுமே என்று கடன்பட்டு டிவி வாங்கிக் கேபிளும் இழுத்தார். பாட்டு வைத்தால் அம்மா அழுதார். நாடகம் வைத்தால் அதில் இருந்தவர்கள் அழுதார்கள். சானலைத் தள்ளிக்கொண்டே போனபோது ஒருநாள் ஒரு மான்குட்டி அகப்பட்டது. தாயின் காலுக்குள் புகுந்து புகுந்து ஓடிக்கொண்டிருந்தது. அம்மா திரும்பிப் படுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்தப் பாழாய்ப் போன சிறுத்தை அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? புல்லுக்குள் ஒரு பாய்ச்சல், புழுதி. அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சோணை எட்டிச் சத்தத்தை அடியோடு குறைத்தார். டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"குட்டி தப்பிச்சிருச்சு. பொதருக்குள்ள பூந்து அங்கிட்டு ஓடிருச்சு. இந்தப் பய கேமராவ இங்கிட்டு வச்சிருக்கான், அதான் தெரியல."

"நெசமாவா?" என்றார் அம்மா, கையை எடுக்காமல்.

"இப்பத்தான இங்கிலீசுல சொன்னான், கேக்கலையா?"

அன்றிலிருந்து அந்த வீட்டு டிவிக்குச் சத்தம் கிடையாது. அப்பா சொல்வதுதான் கதை. அவர் கதையில் ஒருவரும் சாகமாட்டார்கள். எகிப்து ராஜாவைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்திருப்பதைக் காட்டினால், "மருந்து வச்சுக் கட்டுப் போட்டிருக்கு, ஆறுனதும் அவுத்துருவாங்க" என்பார். டைனோசர்கள் எல்லாம் குளிர் தாங்காமல் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டன. கப்பல் முழுகினால் அதில் வந்த அம்புட்டுப் பேரும் நீச்சல் தெரிந்த ஆட்கள். வரிக்குதிரைகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், காண்டாமிருகம் கம்பெனி சூப்பர்வைசர். கூட்டத்துக்கு முன்னால் நடக்கும் பெரிய பெண்யானைக்குத் தன் அக்கா மலையம்மாளின் பெயரை வைத்திருந்தார். நடை அப்படியே அத்தையின் நடைதான் என்று லலிதாம்பாள் சிரித்துப் புரையேறுவார். அம்மா எழுந்து உட்கார்ந்தார். பிறகு ஒருநாள் எழுந்துபோய் அடுப்பையும் பற்றவைத்தார்.

பசுமலையில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த தங்கப்பொண்ணு, ப்ளஸ் டூ வந்தபோது, யாரும் இல்லாத ஒரு மத்தியானம் சத்தத்தை வைத்துக் கேட்டாள். அப்பா சொன்னதற்கும் டிவிக்காரன் சொன்னதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லை. அப்பா சொன்னது நன்றாக இருந்தது, அதுதான் காரணம்.

இப்போது அவள் டிவியைப் போட்டாள். மிருக சானலில் யானைகள் போய்க்கொண்டிருந்தன. ரிமோட்டின் பின்மூடி தொலைந்து ரப்பர்பேண்டு மாட்டியிருந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்தாள். ஆயுசு பூராவும் ஊமைப்படம் பார்த்த மனுஷன், ஒரு தடவையாவது உள்ளதை உள்ளபடி கேட்கட்டும் என்று நினைத்தாள். கட்டில் ஓரம் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள்.

"ஆப்பிரிக்காவுலப்பா. ரெண்டு வருசமா மழை இல்லையாம். தண்ணியத் தேடி யானைகள் ஆத்துக்குப் போகுதாம். போற வழியிலயே பாதிக் குட்டிக செத்துருமாம். அந்தா பின்னாடி ஒன்னு வருதுல்ல, அது…"

அது ஆற்றைப் பார்க்கப் போவதில்லை என்று டிவிக்காரன் சொல்லிவிட்டான். அதை எப்படிச் சொல்வதென்று அவள் தயங்கினாள். சோணையின் விளங்குகிற கை கட்டில் சட்டத்தில் அசைந்தது. கட்டைவிரல் எதையோ அழுத்தி அழுத்தி எடுத்தது.

"என்னப்பா? தண்ணி வேணுமா?"

விரல் மறுபடியும் அழுத்தியது.

"சத்தத்தக் கொறைடி" என்றார் அடுப்படியிலிருந்து அம்மா. "அவருக்குச் சத்தம் ஆகாதுல்ல."

அவள் சத்தத்தை அடியோடு குறைத்தாள். விரல் நின்றது. அப்பாவின் கண் டிவியிலிருந்து அவள் மேல் வந்து நின்றது. கதைக்காகக் காத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"முன்னாடி போறது யாரு? நம்ம மலையம்மா அத்தைதான்" என்று ஆரம்பித்தாள். குரல் ஒட்டவில்லை. கனைத்துக்கொண்டாள். "கல்லுப்பட்டி பஸ்ஸ விட்டுட்டு நடந்தே கெளம்பிருச்சு. பின்னாடி வாரது லலிதாம்மா, வழியில பாக்குறவங்கள எல்லாம் நிப்பாட்டிப் பேசிக்கிட்டே வருது. கடைசியில வருதே, அந்தச் சின்னப்பயலுக்கு நடக்கச் சோம்பல். தூக்கிக்கிட்டுப் போகச் சொல்லி அடம் பிடிக்கிறான்."

சோணையின் வாயில் ஒரு கோடிதான் அசையும். அது அசைந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மா கஞ்சித் தம்ளரோடு வந்து கால்மாட்டில் உட்கார்ந்தார். ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்த்தார். அது கடைவாய் வழியாக வெளியே வந்தது. துடைத்துவிட்டுத் தம்ளரைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

இனியும் தள்ளிப்போட முடியாது. அப்பாவின் மூச்சு நீளமாக இழுத்து, நின்று, யோசித்து வருவதுபோல் வந்துகொண்டிருந்தது. இப்போதே அத்தைக்குச் சொன்னாலும் கல்லுப்பட்டியிலிருந்து வந்து சேர இருட்டிவிடும். எல்லாம் தன்னால்தான் என்று தங்கப்பொண்ணு நினைத்தாள். "அம்மா, ஒன்னு சொல்லணும்" என்று அவள் எழுந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியது மலையம்மாள் அத்தை. கையில் தூக்குவாளி. மேலே வேப்பங்கொத்து போட்டு மூடியிருந்தது.

அம்மா எழுந்து வாசலுக்குப் போனார். "வாங்க மதினி. பாலு கொண்டாந்துட்டீங்களா?"

"நம்ம வீட்டு மாட்டுப் பாலுதான். நேத்து நீ போன் பண்ணதுல இருந்து பொட்டுத் தூக்கமில்லம்மா. பயலுகள எல்லாம் பின்னாடி வரச் சொல்லிட்டு நான் முன்னாடி ஓடியாந்தேன்." அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, "தம்பி" என்று உள்ளே போனார்.

தங்கப்பொண்ணு வாசல்படியில் நின்றாள்.

"நீ போன் பண்ணியா?"

"ஆஸ்பத்திரி எதுத்தாப்புல போன் பூத்து இருந்துச்சுல்ல. நீ வேன் பேசப் போனப்ப பேசிட்டேன்."

"உனக்கு எப்படிம்மா…"

"டாக்டரு சொன்னதச் சொல்றப்ப நீ என் மூஞ்சியப் பாக்கலையே. பாட்டிலப் பாத்துக்கிட்டுல்ல சொன்ன" என்றார் அம்மா. "உங்கப்பாவும் அப்படித்தான். நெசத்தச் சொன்னா என்னையப் பாத்துச் சொல்லுவாரு. குட்டி தப்பிச்சிருச்சுன்னு சொல்றப்ப மட்டும் டிவியப் பாத்துக்குவாரு."

"அப்ப அது எல்லாமே உனக்கு…"

"படம்தான் ஓடுதே, எனக்குக் கண்ணு இல்லையா? சிங்கமும் சிறுத்தையும் கவ்விக்கிட்டுப் போறது தெரியாதாக்கும்." அம்மா கண்ணை மூக்கோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டார். "அவரு சொல்லச் சொல்ல நல்லா இருந்துச்சுடி. அம்புட்டுத்தான்."

தங்கப்பொண்ணு அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அம்மா அவள் முதுகை இரண்டு தட்டுத் தட்டி, "அப்புறம் அழுகலாம், வா" என்று உள்ளே கூட்டிப் போனார்.

அத்தை பாலைச் சங்கில் ஊற்றிக்கொண்டிருந்தார், குழந்தைகளுக்குப் புகட்டுகிற சங்கு. "சோணை, அக்கா வந்திருக்கேன்டா. வாயத் தொறய்யா." முதல் வாய் உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்கியதை மூன்று பேரும் பார்த்தார்கள். அடுத்து அம்மா ஊற்றினார். பிறகு தங்கப்பொண்ணு. அவள் ஊற்றியதில் பாதி தலையணையில் கொட்டியது.

"நீ சொல்லிக்கிட்டிருடி, நிப்பாட்டாத" என்றார் அம்மா. "அவரு பாத்துக்கிட்டிருக்காருல்ல."

டிவியில் அந்தக் குட்டி விழுந்து கிடந்தது. தாய் தும்பிக்கையை அதன் வயிற்றுக்குக் கீழே விட்டுத் தூக்கிப் பார்த்தது. தூக்கத் தூக்கக் கால்கள் மடங்கின.

"சின்னப்பய வெளாட்டுக் காட்டுறான்ப்பா. நடக்க மாட்டேன்னு படுத்துக்கிட்டான். ஆத்தா எழுப்புது. எந்திரிடா, ஆறு பக்கத்துல வந்துருச்சுங்குது. மலையம்மா அத்தை அங்க நின்னு திரும்பிப் பாக்குது, யாருடா அது இம்புட்டு நேரமாங்குது…"

சோணையின் மூச்சு இழுத்தது. நின்றது. யோசித்தது. வரவில்லை.

அத்தை குனிந்து அவர் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். ஓவென்று அழ வாயெடுத்தபோது அம்மா அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சித்த இருங்க மதினி."

அம்மா டிவிப் பக்கம் திரும்பவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்திருந்த கண்களை மெல்லத் தடவி மூடிவிட்டார். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"குட்டி என்னாச்சு?"

கூட்டம் வெகுதூரம் போய்விட்டிருந்தது. தாய் யானையும் போய்விட்டது. வெறும் தரையில் புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. தங்கப்பொண்ணு அதிலிருந்து கண்ணை எடுத்தாள். அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எந்திரிச்சுப் போயிருச்சும்மா. கூட்டத்தோட சேந்துக்கிருச்சு."

அம்மா "ம்" என்றார். எழுந்துபோய் டிவியை அணைத்தார். கட்டில் சட்டத்தில் கிடந்த அப்பாவின் துண்டை எடுத்து உதறி டிவியின் மேல் போட்டு மூடி, தொங்கிய நுனிகளைச் சரிபார்த்து இழுத்துவிட்டார். அதன் பிறகுதான் அத்தையின் குரல் தெருவுக்குக் கேட்டது.