மரத்துப்போகும் ஊசி போதும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஆட்டையாம்பட்டியில் எங்கள் தெருவிலேயே இருக்கும் மலர்விழி, ஒரு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னது. எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கக்கா, ஆனா என்னையப் பாவப்பட்டவளாட்ட எழுதிப் போடாதீங்க என்றாள். அந்த ஒரு நிபந்தனையால் நான் எழுதிய தொடக்கங்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. ஒன்றை மட்டும் காட்டுகிறேன்.

"மௌனத்தின் ஆழ்கடலில் மூழ்கிக் கிடந்த அவளுக்கு, இந்த உலகம் ஓர் ஊமைப்படமாக—"

(பார்த்தீர்களா? அவள் விசைத்தறி ஓட்டுகிறவள். ஆழ்கடலை அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.)

2

நேராகவே சொல்கிறேன். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு மலர்விழிக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. காதுக்குள் இருக்கிற மிகச் சின்ன எலும்பு அசையாமல் இறுகிவிட்டது, அதற்குப் பதிலாகச் செயற்கையாக ஒன்றை வைத்தால் கேட்க வாய்ப்புண்டு என்றார் சேலத்து டாக்டரம்மா. அதற்கு இரண்டு வழி. முழு மயக்கம் கொடுத்துச் செய்யலாம், பயம் தெரியாது. அல்லது காதைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே செய்யலாம். ஆடாமல் படுத்திருக்க வேண்டும், தலை சுற்றலாம், ஆனால் கேட்கிறதா என்று அங்கேயே சோதித்துவிடலாம். மலர்விழிக்கு இரண்டுமே ஒத்துவரும், யோசித்து வாருங்கள் என்றார். இவ்வளவையும் அவர் சொன்னது மலர்விழியிடம் அல்ல, அவள் கணவர் சந்திரசேகரிடம்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே இருக்கட்டும்: தறிக்கூடத்தில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அந்தச் சத்தத்தில் எல்லோருமே கத்திப் பேசுகிறவர்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்கள். அங்கே அவள் கெட்டிக்காரி. வீட்டுக்கு வந்தால்தான் செவிடு.)

3

மாமியார் அங்கம்மாளை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கொடுமைக்காரியாக்கினால் என் வேலை சுலபம். ஆனால் அந்த அம்மா, கத்தியைப் பார்த்து மருமகள் பயந்துகொள்வாளே என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதவர். அன்புதான். அன்பாக இருப்பதால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

அவர் குலதெய்வத்திடம் பூவாக்கு கேட்கலாம் என்றார். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து, கேள்வியைச் சொல்லி, ஒன்றை எடுப்பது. எங்கள் பக்கம் கல்யாணத்திலிருந்து கிணறு வெட்டுவது வரை இப்படிக் கேட்பார்கள். வெள்ளை வந்தால் முழு மயக்கம் என்று பூசாரியிடம் சொல்லிவிட்டு, மருமகளின் தோளைத் தட்டி, எடு என்று கை காட்டினார். மலர்விழி குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை. குடும்பமே நிம்மதியாக வீடு திரும்பியது.

(எனக்கும் நிம்மதிதான். முழு மயக்கம் கதைக்கு வசதி. "அவள் கண் மூடினாள்" என்று எழுதி, கொஞ்சம் இடம் விட்டு, "அவள் கண் திறந்தாள்" என்று எழுதிவிடலாம். நடுவில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.)

4

அடுத்த முறை ஆஸ்பத்திரியில், முழு மயக்கமே கொடுத்துவிடுங்கள், சாமி உத்தரவும் கிடைத்துவிட்டது, அவளே எடுத்துக் கொடுத்தாள் என்று சந்திரசேகர் டாக்டரம்மாவிடம் சொன்னார். மலர்விழி பக்கத்திலிருந்து அவர் உதட்டைப் படித்துவிட்டாள். என்ன உத்தரவு என்று கேட்டாள். அவர் விளக்கினார்.

"நீதான எடுத்த?"

"எதுக்கு எடுக்கறேன்னு ஆராச்சும் சொன்னீங்களா? திருநீறுப் பொட்டலம்னு நெனச்சு எடுத்தனுங்க. சாமிக்குக் காது கேக்கும். எனக்குக் கேக்கலீங்களே."

ஊட்டுல போய்ப் பேசிக்கலாம் என்றார் அவர். வீட்டில் பேசினால் எனக்குத் தெரியாது, இங்கேயே பேசுங்கள் என்று அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. டாக்டரம்மா முகக்கவசத்தைக் கழற்றினார். அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இரண்டு வழிகளையும் முதலிலிருந்து நிதானமாகச் சொன்னார். மலர்விழி கடைசி வரை உதட்டையே பார்த்திருந்தாள்.

"மரத்துப்போற ஊசி போதுங்க. என்ற காதுக்குள்ள நடக்கறப்ப நான் முழிச்சிருக்கோணும்."

சாமி குத்தமாகிவிடும் என்று அங்கம்மாள் வீட்டில் அழுதார். சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றுவிட்டாள் மருமகள்.

5

ஆக, என் வசதி போயிற்று. அறைக்குள் நுழைந்தே ஆக வேண்டும்.

முகத்தில் பச்சைத் துணி. யாருடைய உதடும் தெரியாது. ஊசி நன்றாகவே வலித்தது. பிறகு வலியில்லை, உள்ளே எதையோ இழுப்பதும் சுரண்டுவதும் மட்டும் தெரிந்தது. ஒரு கட்டத்தில் மேசையோடு தலை சுழன்றது. அவள் ஆடவில்லை. பயமாக இல்லையா என்று கேட்டேன். பயந்துக்கிட்டேதான் முழிச்சிருந்தேன் என்றாள். அப்புறம் டாக்டரம்மா அவள் காதருகே மெதுவாக ஏதோ சொன்னார். துணிக்குள்ளிருந்து அவள் பதில் சொன்னாள்.

என்ன சொன்னார்? என்னிடம் முடிவுகள் தயாராக இருந்தன. மகளின் பெயர். அல்லது, அவளுடைய பெயரே. அல்லது, "கேட்கிறதா" என்ற அந்த ஒற்றைச் சொல், பல ஆண்டுகளின் இருளைக் கிழித்துக்கொண்டு—

வேண்டாம். அவளிடமே கேட்டேன். அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டனுங்கக்கா. ஊட்டுல எந்தச் சேதியும் எல்லாருக்கும் தெரிஞ்ச பொறகுதான் எனக்கு வரும். இத்தன வருசமா கடேசி ஆளு நானு. இது ஒண்ணாவது எனக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும்."

வீட்டுக்காரரிடமாவது சொன்னாயா என்றேன். அவருந்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு என்று சிரித்தாள்.

6

எல்லா முடிவுகளையும் அடித்துவிட்டேன். முடிவில்லாத கதை உங்களுக்குப் பிடிக்காது என்றால், இதோ ஒரு வரி விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா சொன்னது: ........................

நீங்கள் எழுதியது என்னுடையதைவிட நன்றாகவே இருக்கலாம். ஆனால் அது அவள் கேட்டதல்ல. அவள் கேட்டது அவளிடம் பத்திரமாக இருக்கிறது. நானும் இனிக் கேட்கப் போவதில்லை.