பெயர் எழுதாத படிவங்கள்

பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி வாங்கிய நூற்றுப் பன்னிரண்டு படிவங்களும், மேலாளர் பெட்டியைத் திறந்ததும், எழுதியவர்களின் குரலிலேயே பேசத் தொடங்கின. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலைச் சூழல் எப்படி இருக்கிறது என்று தொழிலாளர்களிடம் கேட்டு அளக்க வந்திருந்த பெண்ணுக்கு, பசை ஒட்டும் பிரிவில் சொந்த அக்காவே வேலை பார்த்தாள். முந்தின வாரம் அக்கா படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "நெஜமாவே யாரு எழுதுனதுன்னு தெரியாதாடி?" என்று கேட்டிருந்தாள். "தெரியாதுக்கா. மனசுல இருக்கறத எழுது," என்றாள் தங்கை. நம்பித்தான் சொன்னாள்.

மேலாளர் பதறவில்லை. டீ வரவழைத்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் கேட்டார். பெரும்பாலானவை அவரை வாயாரப் புகழ்ந்தன. அவற்றைத் தரையில் போட்டார். பதினொன்று வேறு மாதிரி பேசின. பத்துக் குரல்களை அவரே கண்டுபிடித்துப் பெயர் குறித்துக்கொண்டார். கடைசிப் படிவம், கழிப்பறைச் சாவியை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தருகிறார்கள், தூரமான நாளிலும் அப்படித்தான் என்று தணிந்த குரலில் சொன்னது.

"இது யாரும்மா? பிடிபடலயே," என்று எதிரே நின்ற தங்கையைக் கேட்டார்.

"தெரியலைங்க சார்."

படிவம் அவர் கையில் இருந்தபடியே தங்கை பக்கம் திரும்பியது. பிறகு, "ஏண்டி, நீதான யாருக்கும் தெரியாதுன்னு சொன்ன?" என்று கேட்டது.

"அக்கா, சும்மா இரு," என்று தங்கைக்கு வாய் தவறிவிட்டது. மேலாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

பதினொரு பேரையும் அன்று சாயங்காலமே வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்தப் பதினொரு படிவங்களும் இரும்பு பீரோவுக்குள் போயின. குரல்களும் அவற்றோடு போயின. வீட்டில் அக்கா வாயைத் திறந்தால் உதடு மட்டும் அசைந்தது. பிள்ளைகளைக் கைதட்டிக் கூப்பிடக் கற்றுக்கொண்டாள். தங்கை படிவத்தைத் திருப்பிக் கேட்டுப் போனபோது, "அது கம்பெனி ஆவணம்மா," என்று தன்மையாகச் சொல்லி, அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பையும் மேலாளர் அவளிடமே கொடுத்தார். வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்துப் பதினொரு பேரையும் திரும்ப எடுத்தார்கள். குரல் இல்லாதவர்களிடம் வேலை சுத்தமாக நடந்தது. அதன் பிறகு வேலை கேட்டு வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு படிவத்தை நிரப்பி, குரலைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகப் பழகிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் தங்கை வருகிறாள். அக்காவுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு நாற்பது கேள்விகளையும் படிக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் மரியாதைக்குக் கொஞ்சம் காத்திருந்து, 'மிக நன்று' கட்டத்தில் தானே டிக் போடுகிறாள். அக்கா அதற்குள் அடுத்த அட்டையை எடுத்துப் பசை தடவியிருப்பாள்.