நண்டுக்கால் கிழங்குக்கு ஓர் இடம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் சிலோயே தீவின் விவசாயச் சங்கம் ஒரு மாத இதழ் நடத்துகிறது. வீட்டுத் தோட்டத்தில் போடப் பிடித்த ஐந்து உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். ஐந்தென்ன, ஐம்பது எழுதுவேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதலாவது கிளாவேலா. எந்த மண்ணிலும் கோபித்துக்கொள்ளாமல் வரும். இரண்டாவது புருஹா. உள்ளும் புறமும் ஊதா, வேகவைத்த தண்ணீர்கூட ஊதா. மூன்றாவது கறுப்பு மிச்சுஞே. தோல் சீவப் பொறுமை வேண்டும் (எனக்குக் கிடையாது). நான்காவது நண்டுக்கால். வளைந்து நெளிந்திருக்கும். எங்கள் எர்சிராவிடம் மட்டுமே

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். நான்கு முறை முடித்துப் பார்த்தேன். நான்கும் பொய்.)

2

வேறு தொடக்கம்: "ஓர் ஊரில் ஓர் எலி இருந்தது."

இல்லை. எலியே இல்லை. அதுதான் சிக்கல்.

3

சரி, நடந்ததைச் சொல்கிறேன். எர்சிரா என் பக்கத்து வீட்டுக்காரி, நாற்பது வருடச் சிநேகிதி. கல்யாணமாகி வந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு பெட்டியும் நண்டுக்கால் விதையும்தான். எங்கள் பக்கம் விதைக்கிழங்கை ஒரே வீட்டில் வைப்பதில்லை. பாதி நம்மிடம், பாதி நம்பிக்கையானவர்களிடம். ஒரு வீட்டில் அழுகினாலும் மறுவீட்டில் மிஞ்சும். அவளுடைய பாதி, பதினான்கு கிழங்கு, என் அடுப்படிப் பரணில் இருந்தது.

ஜூன் மாதம், சான் ஹுவான் திருநாள், விடாத மழை. எர்சிராவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். மில்காவ் அடை தட்டத் துருவிய கிழங்கு போதவில்லை. கிழங்குக் கொட்டகை தோட்டத்தின் மறுகோடியில். சேற்றில் யார் இறங்குவது? பரணோ கையெட்டும் உயரம். அவளிடம் மறுபாதி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். பதினான்கையும் இறக்கித் துருவி, துணியில் பிழிந்து, பன்றிக்கொழுப்போடு பிசைந்து தட்டிவிட்டேன்.

[உங்களுக்கு என்மேல் இரக்கம் வரட்டும் என்று இங்கே முழங்கால் வலி ஒன்றைச் சேர்த்திருந்தேன். எடுத்துவிட்டேன். முழங்கால் அன்று நன்றாகத்தான் இருந்தது.]

எர்சிரா மூன்று தின்றாள். நான்காவதைக் கடித்தபடி சொன்னாள்:

"நோல்ஃபா, விதைக்கு வெச்ச நண்டுக்கால் மொத்தமும் அழுகிப் போச்சுடி. நேத்துதான் பார்த்தேன். ஒண்ணுகூடத் தேறல."

"ஐயையோ!"

"உனக்கு ஏன்டி மூஞ்சி இப்படிப் போகுது? அதான் உன்கிட்ட பாதி இருக்கே. செப்டம்பர்ல வந்து எடுத்துக்கறேன். ஆமா, இதுல என்ன போட்டே? எங்க வீட்டு ருசி மாதிரியே இருக்கு. இன்னொண்ணு குடு."

கொடுத்தேன்.

4

செப்டம்பரில் கூடையோடு வந்தாள். எலி தின்றுவிட்டது என்றேன். வெறும் கூடையோடு திரும்பிப் போனாள். மறுநாள் ஒரு பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வெச்சுக்க. எலியோட எப்படித்தான் குடித்தனம் பண்றியோ, பாவம்."

மூன்று வருடமாக அந்தப் பூனைக்கு மீன் வைக்கிறேன். ஓர் எலிகூடப் பிடித்ததில்லை. இருந்தால்தானே பிடிக்க? அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5

முடிவுகள்.

அ) எர்சிராவின் தோட்டத்தில், தோண்டாமல் தப்பிய நண்டுக்கால் ஒன்று தானாக முளைக்கிறது. (வேலியோரம் நின்று வருடா வருடம் பார்க்கிறேன். முளைப்பதெல்லாம் கிளாவேலாதான்.)

ஆ) இதழைப் படித்துவிட்டு யாரோ விதை கொண்டுவருகிறார்கள். எர்சிரா நம்புவது இதைத்தான். "நண்டுக்கால் பேரை மறக்காமப் போடுடி. யார்கிட்டயாவது இருக்கும்."

இ)

மூன்றாவதை எழுத முடியவில்லை. எர்சிரா வந்துவிட்டாள். கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டாளாம். அடுப்பருகே உட்கார்ந்து பூனையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"எழுதிட்டியா? படி, கேக்கறேன்."

முதல் பகுதியை மட்டும் படித்து நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அதில் அவள் பெயரை ஒட்டி ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. அங்கே வந்ததும் "அப்புறம்?" என்பாள். நீங்களாக இருந்தால் என்ன படிப்பீர்கள்?