மூன்றாவது பெஞ்சில் இன்சாஃப் அப்லா

சுற்றறிக்கை வந்த அன்று எங்கள் பள்ளியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்வி அலுவலகத்திலிருந்து வாரத்துக்கு மூன்று சுற்றறிக்கையாவது வரும். படித்து, கையெழுத்துப் போட்டு, ஆணியில் குத்தி வைத்துவிடுவோம். 'ஆசிரியர்களின் கற்பிக்கும் திறனை உயர்த்தும் பொருட்டு, ஒவ்வொரு தலைமையாசிரியரும் இந்தப் பருவத்தில் நாற்பது பாடவேளைகள் மாணவரின் இடத்திலிருந்து வகுப்பைக் கவனிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. மற்றப் பள்ளிகளில் நாற்பது கட்டங்களிலும் டிக் போட்டு மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எங்கள் தலைமையாசிரியை இன்சாஃப் அப்லா அப்படிப்பட்டவர் இல்லை. எழுதியிருப்பதை எழுதியபடியே செய்கிறவர். எகிப்தில் ஆசிரியைகளை அப்லா என்றும் ஆசிரியர்களை உஸ்தாஸ் என்றும்தான் கூப்பிடுவோம்.

அடுத்த நாள் காலை ஏழாம் வகுப்பு இரண்டாம் பிரிவுக்குக் கணக்குப் பாடம் எடுக்கப் போனேன். மூன்றாவது பெஞ்சில், ஷாஹினாஸ் என்கிற வாயாடிக்கும் சுவருக்கும் நடுவில், ஐம்பத்தேழு வயது இன்சாஃப் அப்லா ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் புதுப் பள்ளிப்பை. முன்னால் கட்டம் போட்ட நோட்டு, கூராகச் சீவிய இரண்டு பென்சில்கள், ஸ்ட்ராபெர்ரி வாசனை ரப்பர்.

"என்ன அப்லா, இங்க வந்து..."

"இங்க அப்லாவெல்லாம் இல்ல, உஸ்தாஸ் ரிஃபத். வெறும் இன்சாஃப்தான். வருகைப் பதிவுல அம்பத்திமூணாவதா எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். பத்தொன்பது வருடமாகக் கணக்கு சொல்லித் தருகிறேன், ஆனாலும் அன்றைக்கு வாய்ப்பாடே மறந்துவிடும் போலிருந்தது. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் கூட்டல் எண் வரும் என்பதுதான் பாடம். பலகையில் எழுதினேன், விதியைச் சொன்னேன், எப்போதும் போலக் கேட்டேன்: "புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது உஸ்தாஸ்!" என்று ஐம்பத்திரண்டு பேரும் கத்தினார்கள்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. "எனக்குப் புரியல உஸ்தாஸ்."

மறுபடியும் விளக்கினேன்.

"இப்ப சத்தமாச் சொன்னீங்க. மத்தபடி முன்னாடி சொன்ன அதேதான். எனக்குப் புரியல."

வகுப்பு சிரித்தது. அவர் கிண்டல் செய்யவில்லை. மூக்கில் வழுக்கிய கண்ணாடியைத் தூக்கிவிட்டு, உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். "ஏன் அப்படி வருது? ரெண்டு கெட்டது சேர்ந்தா எப்படி நல்லதாகும்?" என்று கேட்டார்.

"அது விதி" என்றேன்.

"யார் போட்ட விதி?"

நல்லவேளையாக மணி அடித்தது.

முதல் இரண்டு வாரம் எல்லா ஆசிரியர்களும் அவருக்காக நாடகம் போட்டார்கள். அறிவியல் ஆசிரியர் வண்ணப் படங்கள் கொண்டுவந்தார். வரலாற்று ஆசிரியை பிள்ளைகளுக்கு முந்தின நாளே பதிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்டார். இன்சாஃப் அப்லா குறிப்பு எழுதவே இல்லை. பாடத்தைத்தான் எழுதிக்கொண்டார். வீட்டுப்பாடம் செய்தார், செய்யாத அன்று ஷாஹினாஸைப் பார்த்துக் காப்பியடித்தார். "அப்லா, முழங்கைய எடுங்க, எனக்கே வராத கணக்க என்கிட்ட பாத்து எழுதுறீங்களே" என்று அவள் முணுமுணுப்பது பலகை வரைக்கும் கேட்கும்.

மூன்றாம் வாரம் அரபு இலக்கண வகுப்பில் அந்த முணுமுணுப்பு அளவு மீறிவிட்டது. ஸக்கிய்யா அப்லா கோபக்காரர். திரும்பிப் பார்க்காமலே, "பேசுற ரெண்டு பேரும் வெளிய போங்க! நேரா தலைமையாசிரியை அறைக்கு!" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யார் என்று தெரிந்தது. வார்த்தையைத் திரும்ப வாங்க அவருக்கு வாய் வரவில்லை. இன்சாஃப் அப்லா பையை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, ஷாஹினாஸோடு வெளியே போனார்.

இரண்டு பாடவேளை கழித்து அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். இருவரும் தலைமையாசிரியை அறைக்கு வெளியே மரப்பலகையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நாற்காலி காலி.

"இன்னும் அவங்க வரல உஸ்தாஸ்" என்றாள் ஷாஹினாஸ், மிகவும் நல்ல பிள்ளையாக.

"உள்ள போய் உக்காருங்களேன் அப்லா" என்று கெஞ்சினேன்.

"தண்டனைக்கு வந்தவ எப்படி அந்த நாற்காலில உக்கார முடியும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் பலகை எவ்வளவு வலிக்குது தெரியுமா? இத்தனை வருஷமா எத்தனை பிள்ளைங்கள இதுல உக்கார வெச்சிருப்பேன்" என்றார்.

மாதாந்திரத் தேர்வு வந்தது. இன்சாஃப் அப்லா கணக்கில் இருபதுக்கு நான்கு வாங்கினார். நான் எட்டு போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு விடையாக எண்ணிப் பார்த்து, "உஸ்தாஸ், தப்பாப் போட்டிருக்கீங்க, நாலுதான் வருது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எட்டுக்குக் கீழே வாங்கினால் வீட்டுப் பெரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் பள்ளி விதி. அந்த விதியைப் போட்டதும் அவர்தான்.

வியாழக்கிழமை அவருடைய கணவர் ஹாஜி மெத்வல்லி வந்தார். முப்பத்தாறு வருடம் தந்தா நகர ரயில் பாதையில் சிக்னல் காட்டி ஓய்வு பெற்றவர். மற்றப் பெற்றோர்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்க உஸ்தாஸ். எப்படிப் படிக்கிறா?"

"முயற்சி பண்றாங்க ஹாஜி."

"எங்க முயற்சி? சாயங்காலமானா சீரியல். நான் சொன்னா கேக்குறதில்ல. நீங்க கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

பக்கத்தில் நின்றிருந்த இன்சாஃப் அப்லா, "ஏங்க, சீரியல் முடிஞ்ச பிறகு படிக்கிறேன்ல?" என்றார்.

"பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசாத" என்றார் ஹாஜி. அவர் முகத்தில் நாற்பது வருட திருமண வாழ்க்கையின் ஒரே வெற்றி தெரிந்தது.

பிறகு விடைத்தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குறை எண் கணக்கைப் பார்த்தார். "இதுவா வரல? ஏம்மா, வண்டி பின்பக்கமா வந்துட்டு இருக்கு. இப்ப என் கேபினுக்கு நேரா வந்திருக்கு. நாலு நிமிஷத்துக்கு முன்னாடி அது எங்க இருந்திருக்கும்? முன்பக்கம்தானே இருந்திருக்கும்! பின்னாடி போறது ஒரு குறை, கடந்துபோன நேரம் ஒரு குறை, ரெண்டையும் பெருக்கினா முன்பக்கம், அதாவது கூட்டல். இதுகூடத் தெரியாமலா நான் கொடி காட்டினேன்?"

இன்சாஃப் அப்லா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை. பத்தொன்பது வருடமாக அந்த விதியை நானும் புரிந்துகொண்டதில்லை. மனப்பாடம் செய்திருந்தேன், அவ்வளவுதான்.

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பெஞ்சுகளுக்கு நடுவே இருந்த தரை ஓடுகளில் சாக்கட்டியால் எண்கள் எழுதினேன். நடுவில் பூஜ்யம். பலகைப் பக்கம் கூட்டல், பின்கதவுப் பக்கம் குறை. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பலகையைப் பார்த்தபடி பின்னால் நடந்தார்கள், ஒரு எண்ணிக்கைக்கு மூன்று ஓடு. வகுப்பே சேர்ந்து எண்ணியது. இன்சாஃப் அப்லாவின் முறை வந்தது. பன்னிரண்டாம் ஓட்டில் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பூஜ்யத்துக்கு வந்துவிட்டார்.

"அட! நாலு எண்ணிக்கைக்கு முன்னாடி நான் பன்னெண்டுல இருந்தேன்! கூட்டல் பன்னெண்டு! வந்துடுச்சு, எனக்கு வந்துடுச்சு!" என்று கத்தியவர், நிற்க மறந்து பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பின்கதவு திறந்து ஆய்வாளர் உஸ்தாஸ் ஹில்மி உள்ளே வந்தார். கல்வி அலுவலகத்திலிருந்து முன்னறிவிப்பில்லாமல் வந்தவர், தலைமையாசிரியையைப் பள்ளி முழுக்கத் தேடிவிட்டு வந்திருந்தார். குறை பதினைந்தாம் ஓட்டில் இருவரும் மோதினார்கள். அவருடைய புது ஷூ மேல் இன்சாஃப் அப்லாவின் குதிகால் இறங்கியது.

"யாரும்மா நீங்க?" என்றார் வலியில்.

"ஏழாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு, அம்பத்திமூணாம் நம்பர்" என்றார் அப்லா, இன்னும் சந்தோஷம் இறங்காமல். "நீங்க சொல்லுங்க, குறை மூணும் குறை நாலும் பெருக்கினா ஏன் கூட்டல் பன்னெண்டு வருது?"

"அது... விதி."

"யார் போட்ட விதி?" என்று ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் கேட்டார்கள். ஆய்வாளர் குறிப்பேட்டை எடுத்து, இவர் யார் என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.

அவருடைய அறிக்கை பத்தாம் நாள் வந்தது. தலைமையாசிரியை அலுவலக நாற்காலியில் இல்லை. பணி நேரத்தில் பின்னோக்கி நடக்கிறார். இவை தவிர, ஏழாம் வகுப்பு இரண்டாம் பிரிவில் பிறப்புச் சான்றிதழோ தடுப்பூசி அட்டையோ இல்லாத ஒரு மாணவி இருக்கிறார். அவரை நீக்க வேண்டும், இல்லையென்றால் ஆவணங்களை முறைப்படுத்த வேண்டும்.

இன்சாஃப் அப்லாவுக்கு நாற்பதில் இன்னும் ஒன்பது பாடவேளைகள் பாக்கி இருந்தன. "முறைப்படுத்திடுவோம்" என்றார். எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டே கோப்பு திறந்து புகைப்படம் ஒட்டினார். சுகாதார நிலையத்து நர்ஸ் வந்த அன்று, எல்லாப் பிள்ளைகளோடும் வரிசையில் நின்று அப்லாவும் ஊசி போட்டுக்கொண்டார். ஷாஹினாஸ்தான் ஊரைக் கூட்டி அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும்தாண்டி வலிச்சுது, மூச்ச விடு" என்று அப்லா சொல்லிக்கொண்டிருந்தார்.

பருவத் தேர்வில் அவர் கணக்கில் பதினைந்து வாங்கினார். ஓவியத்தில் தோற்றுப்போனார். வகுப்பில் எட்டுக்குக் கீழே வாங்கியவர்கள் பத்தொன்பதிலிருந்து ஆறாகக் குறைந்திருந்தார்கள். அதற்கு எங்கள் பள்ளிக்கு ஒரு பாராட்டுக் கடிதமும், நாற்காலியில் இல்லாததற்கு ஒரு கண்டனக் கடிதமும் ஒரே உறையில் வந்தன. அப்லா இரண்டையும் ஆணியில் குத்தினார்.

விடுமுறை முடிந்து வந்த முதல் நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டார். "இனி உங்க முறை. ஒவ்வொருத்தரும் தனக்கு வராத பாடத்துல ஒரு மாசம் மாணவரா உக்காரணும்."

ஸக்கிய்யா அப்லா என் வகுப்புக்கு வந்தார். பின்னக் கணக்கில் இரண்டாம் நாளே கண் கலங்கிவிட்டது. நான் அவருக்காக ஆரஞ்சு உரித்து, சுளை சுளையாகப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்தது மனையியல் வகுப்பில் தையல். பொத்தான் துளை தைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. விரலில் பதினோரு குத்து. பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி, "நூல எச்சில் தொட்டுக் கோத்துக்கோங்க உஸ்தாஸ், நாளைக்கே முடிஞ்சிடும்" என்று பரிதாபப்பட்டாள்.

என் நீலச் சட்டையின் இரண்டாவது துளை நான் தைத்தது. கோணலாக இருக்கிறது என்று என் மனைவி அதைப் பிரித்துத் திரும்பத் தைக்கப் பார்த்தாள். சட்டையைக் கழற்றிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.