எல்லை காட்டியவர்

மூன்றாவது பஸ்ஸும் மாறி, புதுத் தாலுகா ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது சில்வஸ்டர் மேஸ்திரிக்கு முட்டி இரண்டும் கழன்று விழாத குறை. இந்த மாதத்தில் இது ஐந்தாவது நடை. பழைய தாலுகாவில் கேட்டால் உங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகள் இப்போது புதுத் தாலுகா என்கிறார்கள். இங்கே வந்தால், அங்கே போ. பந்துகூட இவ்வளவு உதை வாங்காது. மகள் ஐவிக்கு ஊட்டியில் நர்ஸ் ட்ரெயினிங்குக்கு இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் இருப்பிடச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். இன்றைக்குப் புதன். "அவளும் கொழுந்துக் கூடையத் தூக்கித்தான் ஆகணுமாக்கும்?" என்று காலையில் கஞ்சி ஊற்றும்போது மனைவி தபித்தாள் கேட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கிளார்க் நஞ்சப்பன் நல்ல மனுஷன்தான். இன்றைக்கு பீரோவைக் குடைந்து மஞ்சளேறிய ஒரு காகிதக் கட்டையே தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாருங்க. கவர்மெண்ட் உத்தரவுல உங்க லைன் பழைய தாலுகாவுல இருக்குது. சர்வே ஸ்கெட்ச்ல எங்க தாலுகாவுல இருக்குது. நான் எதை நம்பி சீல் வெக்கறது, சொல்லுங்க?"

இது யார் பார்த்த வேலை என்று சில்வஸ்டருக்கு நன்றாகவே தெரியும். அவர் பார்த்த வேலைதான்.

நாலு வருஷம் முன்பு தாலுகாவை இரண்டாகப் பிரித்தபோது, சங்கிலியும் கம்பமுமாக சர்வேக்காரர்கள் நாலு பேர் எஸ்டேட்டுக்கு வந்தார்கள். மழைத் தூறல். மலை ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டே, "எல்லை எதுங்க?" என்று கேட்டார்கள். முப்பது வருஷமாகக் கொழுந்து எடுப்பவர்களுக்கு மேஸ்திரியாக நின்றவருக்கு எல்லை என்றால் ஓடைதான். ஓடைக்கு இந்தப்பக்கம் மேல் டிவிஷன், அந்தப்பக்கம் கீழ் டிவிஷன். மாறி ஒரு பிடி கொழுந்து கிள்ளினாலும் பெண்களுக்குள் குடுமிப்பிடிச் சண்டை வந்துவிடும். மாவட்டம், தாலுகா எல்லாம் ரேஷன் கார்டில் இருக்கிற சமாச்சாரம். கொஞ்சமும் யோசிக்காமல் கையை நீட்டி ஓடையைக் காட்டினார். அவர்களும் ஆளைவிட்டால் போதும் என்று குறித்துக்கொண்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். போதாக்குறைக்கு இவர் டீ வேறு வாங்கிக் கொடுத்தார். தாலுகா எல்லைக்கல்லோ மேட்டில் புதருக்குள் கிடந்திருக்கிறது. ஓடைக்கும் கல்லுக்கும் நடுவில்தான் லைன். அப்படித்தான் இருபத்துநாலு வீட்டு லைன் எங்கேயும் இல்லாமல் போனது. விஷயம் தெரிந்தபோது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வெட்கக்கேட்டை யாரிடம் போய்ச் சொல்ல?

லைனில் சாபம் மட்டும் நிற்கவேயில்லை. அதிலும் பேச்சியம்மா இருக்கிறாளே! புருஷனின் இறப்புச் சான்றிதழுக்கு ஒன்றரை வருஷம் அலைந்தவள். கொழுந்து நிறுக்கும்போதெல்லாம், "எந்த நாசமாப் போனவன் கோடு போட்டானோ, அவன் கை வெளங்காமப் போக" என்று அவர் முன்னாலேயே வாய் ஓயாமல் திட்டுவாள். அவர் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

நஞ்சப்பன் ஸ்கெட்சின் அடியில் விரலை வைத்தார். "எல்லை காட்டியவர்னு இங்க ஒரு கையெழுத்து இருக்குதுங்க. இவரு தப்பாக் காட்டிட்டேன்னு எழுதிக் குடுத்து, உங்க லைன்ல மூத்தவங்க ஒருத்தர் சாட்சி வெச்சா, நாளைக்கே தாசில்தார்கிட்ட வெக்கறேன். ஆமா, யாருங்க இந்த சில்வஸ்டர்?"

"நாந்தானுங்க."

நஞ்சப்பன் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளையும் மைப்பெட்டியையும் நகர்த்தி வைத்தார். தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாட்சிக் கைநாட்டுக்கு அந்தப் பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு சில்வஸ்டர் மறுபடி மூன்று பஸ் ஏறினார்.

லைனில் மூத்தவள் என்றால் பேச்சியம்மாதான். அவர் போனபோது வாசலில் உட்கார்ந்து, அட்டை கடித்த காலில் உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியுமுங்க மேஸ்திரி."

"என்னது?"

"அன்னைக்கு நானும் அந்தக் காட்டுலதானுங்களே கொழுந்து எடுத்துட்டு இருந்தேன். நீங்க கை நீட்டுனதைப் பாத்தேன். எங்கிட்டக் கேட்டிருந்தாலும் ஓடையத்தான் காட்டியிருப்பேன்."

"அப்புறம் ஏம்மா என்னை அந்தத் திட்டுத் திட்டினே?"

"நீங்களா வாயத் தொறக்கறீங்களான்னு பாத்தேனுங்க. நாலு வருசமாப் பாத்தேன்."

அவள் உப்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இடது கட்டைவிரலை நீட்டினாள். "வெய்யுங்க. அந்தப் புள்ளையாவது படிக்கப் போவட்டும்."

மையைத் தடவி அழுத்தினார். கறுப்பாக ஒரு திட்டு விழுந்தது, அவ்வளவுதான். கொழுந்து கிள்ளிக் கிள்ளி வழவழத்துப்போன விரல். மறுபடி அழுத்தினார். மூன்றாவது தடவையும் அதே திட்டு.

"இதை ஒத்துக்குவாங்களாங்க?" என்றாள்.

சில்வஸ்டர் அவள் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு, தாளைச் சாய்த்துச் சாய்த்து ஒரு ரேகையாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.